துணியை விற்ற துண்டுக் காகிதம்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் மூன்று அருங்காட்சியகங்கள் உள்ளன. 1865-ல் தொடங்கப்பட்டு, 1877-ல் இப்போதைய கட்டடத்துக்கு வந்த அரசு அருங்காட்சியகம் முதலாவது. 1962-ல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1965-ல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட விசுவேசுவரய்யா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இரண்டாவது. 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஓவிய மற்றும் புகைப்பட அருங்காட்சியகமான "மேப்' மூன்றாவது. முதல் இரண்டும் அரசின் முயற்சியால் எழுந்தவை. மூன்றாவது, அபிஷேக் போத்தார் என்ற தொழிலதிபரின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு உருவானது.

நீராவி எந்திரத்தின் கதையைப் பள்ளி மாணவர்கள் இரண்டாவது அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த எந்திரம் நெய்த துணியை இந்தியக் கடைத்தெருவில் விற்றுக் கொடுத்த வண்ணச் சீட்டுகளைப் பார்க்க மூன்றாவதுக்குத்தான் போக வேண்டும். எந்திரத்தை அரசு பாதுகாத்தது. சீட்டைப் பாதுகாத்தவர்கள் தனியார். இந்தப் பாகுபாடு தற்செயலானதல்ல. வரலாற்றுச் சான்று என்று எதை இந்த நாடு கருதியது, எதைக் குப்பை என்று ஒதுக்கியது என்பதை அது காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மான்செஸ்டரிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் கப்பலேறிய ஒவ்வொரு துணி மடிப்பின் மேலும் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டப்பட்டது. ஆங்கிலேய வியாபாரிகள் அதை "டிக்கெட்' என்றனர். வட இந்தியக் கடைத்தெருவில் அது "டீகா' என்றும் "சாப்' என்றும் வழங்கியது. தமிழ்நாட்டு ஜவுளிக்கடைகளில் "மார்க்' என்ற சொல்லே நிலைத்தது. யானை மார்க், மயில் மார்க், சாவி மார்க் என்று பொருளைப் படத்தின் பெயரால் கேட்டு வாங்கும் வழக்கம் இன்றும் மளிகைக் கடைகளில் மறைந்துவிடவில்லை.

இந்தச் சீட்டுகளையே மையமாகக் கொண்டு "டிக்கெட் டீகா சாப்' என்ற பெயரில் 2025-ல் "மேப்' அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியை நடத்தியது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 2023-ல், அமெரிக்காவைச் சேர்ந்த துணி வரலாற்று நூலாசிரியர் சூசன் மெல்லர் தமது சேகரிப்பை அடிப்படையாக வைத்து "லேபிள்ஸ் ஆஃப் எம்பயர்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். இந்தியப் பழைய தாள் கடைகளில் நெடுங்காலம் சில்லறைச் சாமானாகக் கிடந்த சீட்டு, இன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் சென்றுவிட்டது. அழகிய படம் என்ற காரணத்துக்காகவே பெரும்பாலோர் அதை விரும்புகின்றனர். ஆனால், அது ஓர் அரசியல் ஆவணம் என்பதே அதன் முக்கியத்துவம்.

விளம்பர அட்டையும் துணிச் சீட்டும்

வியாபாரிகள் தம் பெயரும் தொழிலும் அச்சிட்ட அட்டைகளை வாடிக்கையாளருக்கு வழங்கும் வழக்கம் லண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பரவியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல வண்ண அச்சு மலிவானதும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விளம்பர அட்டை வெள்ளமாகப் பெருகியது. தையல் எந்திரம் செய்த சிங்கர் நிறுவனம், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி, ஒவ்வொரு நாட்டு மக்களும் தத்தம் உடையில் அந்த எந்திரத்துடன் அமர்ந்திருப்பதாகக் காட்டும் அட்டை வரிசையை வெளியிட்டது. இங்கிலாந்தின் வில்ஸ் சிகரெட் நிறுவனம், 1915-ல் "புகழ்பெற்ற கண்டுபிடிப்புகள்' என்ற தலைப்பில் 50 அட்டைகளைச் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்றது. அவற்றைத் திரட்டி ஆல்பத்தில் அடுக்குவது மேலைநாடுகளில் சிறுவர் முதல் முதியோர் வரை பலருக்கும் பொழுதுபோக்காயிற்று.

துணிச் சீட்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால், அதன் வேலை வேறு. விளம்பர அட்டை, எழுதப் படிக்கத் தெரிந்த வாடிக்கையாளருக்கு நினைவூட்டும் பொருள். துணிச் சீட்டோ, எழுத்தே தெரியாத வாங்குபவருக்கும் பல்லாயிரம் மைல் தொலைவிலிருந்த விற்பவருக்கும் இடையிலான ஒரே உடன்படிக்கை. சென்ற முறை வாங்கிய அதே தரமான மல் துணி இதுதான் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

ஆகவே, படத்தைத் தேர்வு செய்வதில் மான்செஸ்டர் வியாபாரிகள் பெரும் கவனம் செலுத்தினர். கண்ணன், லட்சுமி, கணபதி ஆகிய தெய்வங்கள். மன்னர்கள், நவாபுகள், விக்டோரியா மகாராணி. புலி, யானை, மயில். நாட்டியப் பெண்கள் என்று வாங்குபவர் மனத்துக்கு உகந்தவை அனைத்தும் சீட்டில் ஏறின. குஜராத்தி, தேவநாகரி, உருது, வங்காளம், தமிழ் எனச் சந்தைக்கேற்ப எழுத்தும் மாறியது. நார்பரி நாட்சியோ போன்ற மான்செஸ்டர் அச்சகங்கள் இதற்கெனவே கல் அச்சுக்கூடங்கள் நடத்தின. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல். பத்து வண்ணமுள்ள சீட்டு பத்துக் கற்களில் ஏறி இறங்க வேண்டும். இறுதியில் வெண்கலப் பொடி தூவிப் பொன்னிற மினுமினுப்பு சேர்ப்பர்.

துணி உடுத்திக் கிழிந்த பின்னும் சீட்டு வாழ்ந்தது. பூஜையறைச் சுவரிலும், தகரப் பெட்டி மூடியின் உட்புறத்திலும் அது ஒட்டப்பட்டது. ராஜா ரவிவர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களை வீடுதோறும் கொண்டு சென்றார் என்பது பலரும் அறிந்ததே. அவரது படங்களைத் தழுவியும் துணிச் சீட்டுகள் வந்தன. தெய்வப் படம் ஏழை வீட்டை அடைந்த வழிகளில் அந்நியத் துணி மூட்டையும் ஒன்று என்பது வரலாற்றின் விநோதம்.

இரட்டை யானை வழக்கு

இந்தத் துண்டுக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு 1882-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பே சான்று. அன்று அந்தச் சபையே அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றம்.

ஸ்காட்லாந்தில் "துருக்கிச் சிவப்பு' எனப்படும் சாயம் தோய்த்த நூலைத் தயாரித்த ஆர் யூயிங் நிறுவனம், அதை மும்பைக்கும் ஏடனுக்கும் அனுப்பி வந்தது. அதன் சீட்டில் இரு யானைகள் இருந்தன. சந்தையில் அந்த நூலுக்குப் பெயரே "பே ஹாத்தி'. "பே' என்றால் குஜராத்தியில் இரண்டு. ஜான்ஸ்டன் என்ற மற்றொரு நிறுவனம், வேறு விதமாக வரையப்பட்ட இரு யானைகளுடன் தனது நூலை அதே சந்தைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. இரு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நிறுவனத்தின் பெயரும் தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. எனவே, ஏமாற்றுவதற்கு இடமில்லை என்பது எதிர்த்தரப்பு வாதம்.

நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. கடைசியாக நூலை வாங்குபவர் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவரல்லர். அவர் கேட்பது இரண்டு யானை நூல். யானைகள் எப்படி நிற்கின்றன என்று அவர் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே இரண்டாவது சீட்டு அவரை ஏமாற்றக்கூடியதே என்று தீர்ப்பாயிற்று. பிற்காலத்தில் இந்திய நீதிமன்றங்களிலும் வணிகச் சின்ன வழக்குகளில் இத்தீர்ப்பு மேற்கோள் காட்டப்பட்டு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுத்தறியாத இந்தியச் சாயக்காரரும் நெசவாளியும் ஏமாறக் கூடாது என்று லண்டனில் அக்கறையுடன் விவாதிக்கப்பட்டது. ஆனால், அந்த அக்கறை அவர்களது தொழிலின் மீது எழவில்லை. அவர்களது வாங்கும் பழக்கத்தின் மீதே எழுந்தது. பிரிட்டனில் வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் 1875-ல் நிறைவேறி, 1876 முதல் பதிவேடு திறக்கப்பட்டது. இந்தியாவில் 1889-ல் சரக்குச் சின்னச் சட்டம் வந்தது. போலிச் சின்னத்தைக் குற்றமாக்கிய அச்சட்டம், துணியின் நீளத்தைக் கெஜக் கணக்கில் அதன் மேல் முத்திரையிட வேண்டும் என்றும் விதித்தது. ஆனால், சின்னத்தைப் பதிவு செய்துகொள்ளும் உரிமையை அளிக்கும் சட்டம் இங்கு 1940-ல்தான் வந்தது. இடைப்பட்ட 65 ஆண்டுகள், பிரிட்டிஷ் வியாபாரிக்கு அவரது நாட்டில் இருந்த பதிவேட்டுப் பாதுகாப்புக்கு இணையான ஒன்று இந்திய வியாபாரிக்குத் தனது நாட்டில் இல்லை.

படத்தில் ஏறிய எந்திரம்

தெய்வங்களுக்கும் மன்னர்களுக்கும் அடுத்தபடியாகச் சீட்டுகளில் இடம்பிடித்தவை புதிய எந்திரங்கள். ரயில், நீராவிக் கப்பல், கடிகாரம், சைக்கிள், கிராமபோன், மோட்டார் கார், ஆகாய விமானம் எனக் காலத்தின் அதிசயங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

சீட்டில் ரயிலைக் கண்ட வாடிக்கையாளருக்கு அது வெறும் கற்பனையாக இருக்கவில்லை. 1853 ஏப்ரல் 16-ல் மும்பையிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. தென்னாட்டில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் சென்றது. 1864-ல் ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு கண்டோன்மென்டை இருப்புப் பாதை எட்டியது. அந்நியத் துணி மூட்டை உள்நாட்டுச் சந்தைகளைச் சென்றடைந்ததும், பருத்தி துறைமுகத்துக்குச் சென்றதும் அந்தப் பாதைகளில்தான். துணியைச் சுமந்து வந்த வண்டியே துணியின் மேல் சித்திரமாகவும் ஒட்டப்பட்டிருந்தது.

சேகரிப்பாளர்களுக்கு இந்த எந்திரப் படங்கள் கூடுதலாக ஓர் உதவியைச் செய்கின்றன. பெரும்பாலான சீட்டுகளில் ஆண்டு அச்சிடப்படுவதில்லை. ஆனால், படத்தில் விமானம் இருந்தால் அந்தச் சீட்டு, ரைட் சகோதரர்கள் பறந்த 1903 டிசம்பருக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஐந்தாம் ஜார்ஜும் ராணியும் முடிசூடி அமர்ந்திருந்தால், 1911 தில்லி தர்பாரையொட்டிய காலம் என்று ஊகிக்கலாம். "பதிவு செய்யப்பட்ட சின்னம்' என்று ஆங்கிலத்தில் காணப்பட்டால் 1876-க்குப் பிற்பட்டது. காந்தியடிகள் படத்தைத் தாங்கிய மில் சீட்டு என்றால், அது பெரும்பாலும் 1950-க்கு முற்பட்டதாகவே இருக்கும். ஏனெனில் அந்த ஆண்டில் நிறைவேறிய சின்னங்கள் மற்றும் பெயர்கள் முறைகேடாகப் பயன்படுத்தல் தடுப்புச் சட்டம், தேசியக் கொடி உள்ளிட்டவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது; காந்தியடிகளின் பெயரும் உருவமும் அப்பட்டியலில் உள்ளன.

காட்டப்படாத எந்திரம்

இத்தனை எந்திரங்கள் இடம்பெற்ற சீட்டுகளில் மிக அரிதாகவே காணப்படுவது, அந்தத் துணியை உற்பத்தி செய்த எந்திரம்தான்.

1760-களில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் உருவாக்கிய பல கதிர் நூற்பு எந்திரம், 1769-ல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற நீர்விசை நூற்பு எந்திரம், 1779-ல் சாமுவேல் கிராம்ப்டன் இரண்டையும் இணைத்துச் செய்த "மியூல்', 1785-ல் எட்மண்ட் கார்ட்ரைட் வடிவமைத்த விசைத்தறி ஆகிய நான்கும் சேர்ந்தே லங்காஷயரை உலகின் நெசவுக்கூடமாக்கின. பாடநூல்களில் இடம்பெற்ற இக்கண்டுபிடிப்புகளுக்குத் துணிச் சீட்டில் பெரிய இடமில்லை. சிலவற்றில் மில் கட்டடமும் புகைபோக்கியும் உண்டு. ஆனால் தறியும், அதில் நின்ற தொழிலாளியும், அந்தத் தறியால் வேலையிழந்த இந்திய நெசவாளியும் படத்துக்கு வரவில்லை. வெண்ணெய் உண்ணும் கண்ணன் விற்ற அளவுக்கு விசைத்தறி விற்காது என்பது வியாபாரிக்குத் தெரியும்.

படம் மறைத்ததைப் புள்ளிவிவரம் சொல்கிறது. முதல் உலகப் போருக்கு முந்தைய நிதியாண்டான 1913-14-ல் இந்தியா இறக்குமதி செய்த பருத்தித் துணி 300 கோடி கெஜத்துக்கும் அதிகம். அதில் பெரும்பங்கு பிரிட்டனுடையது. பிரிட்டன் அப்போது உலகுக்கு ஏற்றுமதி செய்த பருத்தித் துணியில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை இந்தியாவே வாங்கியது.

இந்தச் சந்தையைக் காக்க வரிக்கொள்கையும் வளைந்து கொடுத்தது. 1882-ல் துணி மீதான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. அரசின் வருவாய்த் தேவைக்காக மீண்டும் வரி விதிக்க நேர்ந்தபோது, லங்காஷயர் எதிர்ப்புத் தெரிவித்தது. விளைவாக, 1896-ல் அந்நியத் துணிக்கு விதித்த அதே மூன்றரை சதவீதம், இந்திய மில்களில் நெய்த துணிக்கும் உற்பத்தி வரியாக விதிக்கப்பட்டது. சொந்த நாட்டுப் பொருளுக்குச் சொந்த நாட்டிலேயே இடையூறாக நின்ற அந்த வரி, 1925 இறுதியில் நிறுத்தி வைக்கப்பட்டு, 1926-ல் ரத்தானது. மூன்று தலைமுறை அரசியல் தலைவர்கள் அதற்கு எதிராகப் பேச வேண்டியிருந்தது.

சீட்டு சுதேசியானது

1905 ஆகஸ்ட் 7-ல் கொல்கத்தா நகர மண்டபக் கூட்டத்தில் அந்நியப் பொருள் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியது. 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908-ல் அதே ஊரின் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். 1921 ஜூலை 31-ல் மும்பையில் அந்நியத் துணிகள் மலையாகக் குவித்து எரிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். துணி எரிந்தபோது அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டும் எரிந்தது. பெருமளவில் அழிந்த அந்தத் தாள்களில் எஞ்சியவைதான் இன்று சேகரிப்பாளர்களின் கைகளில் உள்ளன.

ஆயினும் சுதேசி இயக்கம் சீட்டை ஒழிக்கவில்லை; கைமாற்றியது. மும்பை, ஆமதாபாத் மில்கள் அதே அளவில், அதே வண்ணத்தில், அதே அச்சு முறையில் தங்கள் சீட்டுகளை வெளியிட்டன. பாரத மாதாவும் தேசத் தலைவர்களும் இராட்டையும் மகாராணியின் இடத்தில் அமர்ந்தனர். நம்பிக்கையை உண்டாக்கும் கருவியை எதிரியிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு மற்றொரு வாரிசு உண்டு. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். சிவகாசியில் தீப்பெட்டி பெருகியது. தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு தேவைப்பட்டது. அதற்காக வந்த அச்சு எந்திரங்களே பின்னர் நாடு முழுவதற்கும் நாள்காட்டி அச்சிட்டன. மான்செஸ்டர் அச்சகங்கள் தொடங்கிய வேலையை, வேறு பொருளுக்காகச் சிவகாசி தொடர்ந்தது.

போலியும் அசலும்

மதிப்பு கூடினால் போலி வரும். துணிச் சீட்டுக்கும் அதே கதிதான். நூறாண்டுப் பழைமையெனச் சொல்லி விற்கப்படுபவற்றில் அண்மைக் கால மறுபதிப்புகளும் உண்டு.

அசலை அறியச் சேகரிப்பாளர்கள் முதலில் எடுப்பது பூதக்கண்ணாடி. கல் அச்சில் கலைஞர் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கற்றும், ஒவ்வொரு வண்ணமும் தனித்தனி அழுத்தத்துடனும் தெரியும். இக்கால ஆஃப்செட் அச்சில் நான்கு வண்ணப் புள்ளிகள் பூவிதழ்போல ஒரே சீராக அடுக்கப்பட்டிருக்கும். அடுத்து, வெண்கலப் பொடியின் மினுமினுப்பு. காலப்போக்கில் அது மங்கிப் பழுப்பேறும். மஞ்சள் மையில் அச்சிட்ட போலிப் பொன் அப்படி மாறாது. பின்புறத்தில் பசைத் தடமோ துணி இழையின் பதிவோ இருந்தால் அது உண்மையில் சந்தைக்குச் சென்று வந்த சீட்டு. ஒட்டப்படாமல் அச்சகத்திலேயே தங்கிய மாதிரிப் பிரதிகளும் உண்டு. அவை கசங்காமல் இருக்கும்.

அழகுக்காகப் படத்தை மட்டும் கத்தரித்துச் சட்டமிடுவது பெரும் இழப்பு. கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும், இறக்குமதி நிறுவனத்தின் பெயரும் இருக்கலாம். ராலி பிரதர்ஸ் போன்ற பெரு நிறுவனங்களின் வணிகப் பரப்பை ஆய்வாளர்கள் கணிக்க அந்த விளிம்பு வரிகள் உதவுகின்றன. அதை வெட்டிவிட்டால் எஞ்சுவது படம், போய்விடுவது வரலாறு. அமிலம் நீக்கிய தாளுறையில், வெயில் படாமல், லேமினேஷன் செய்யாமல் வைப்பதே பாதுகாப்பு முறை. பிளாஸ்டிக் பூச்சு ஒருமுறை ஏறிவிட்டால் தாளைப் பழையபடி மீட்க இயலாது.

பெங்களூரு மில்களின் கதி

மான்செஸ்டர் சீட்டுகளில் கணிசமானவை அந்நகரின் அறிவியல் மற்றும் தொழில் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இந்திய மில்களின் சீட்டுகள் எங்கே என்பதுதான் தில்லியில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

பெங்களூருவும் ஒரு மில் நகரமாக இருந்ததுதான். 1884-ல் நிறுவப்பட்டு, பின்னர் பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு வந்த பெங்களூரு கம்பளி, பருத்தி, பட்டு மில்லில் தமிழர்கள் பெருந்தொகையாக உழைத்தனர். மில் மறைந்து, பின்னிப்பேட்டை என்ற ஊர்ப் பெயர் எஞ்சியுள்ளது. சென்னை பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களின் கதையும் வேறல்ல. 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கும் 1921-ன் பெரும் போராட்டத்துக்கும் களமான அந்த மில்கள் 1996-ல் மூடப்பட்டன.

பெங்களூருவின் மினர்வா மில்லை அரசியல் சட்டம் பயிலும் ஒவ்வொருவரும் அறிவர். 1974-ல் நாட்டுடைமையாக்கப்பட்ட அந்த மில்லின் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில்தான், 42-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் முக்கியப் பகுதிகளை 1980-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரம் வரம்பற்றதல்ல என்று உறுதிப்படுத்தியது. நாடே அறிந்த அந்த வழக்கின் பெயரைத் தாங்கிய மில், எந்தச் சீட்டை ஒட்டித் துணி விற்றது என்பதைப் பொதுமக்கள் சென்று பார்க்க ஓர் இடம் இருக்க வேண்டாமா?

1974-ன் சட்டத்தின்படி நலிவுற்ற 103 மில்கள் தேசிய ஜவுளிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. தலைநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கழகத்தில், கோவை உள்பட நாடெங்கும் எஞ்சி இயங்கிவந்த மில்களின் உற்பத்தியும் 2020 மார்ச் பொதுமுடக்கத்தின்போது நின்றது. மில் நிலத்தின் மதிப்பு பற்றியும், தொழிலாளர் நிலுவை பற்றியும் நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்துள்ளன. அவை முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால், மில் அலுவலகப் பீரோக்களில் உள்ள சின்னப் பதிவேடுகள், மாதிரித் துணிப் புத்தகங்கள், சம்பளப் பேரேடுகள், சீட்டுகள் ஆகியவற்றின் கதியையும் சேர்த்தே கேட்க வேண்டும். எந்திரம் பழைய இரும்பு விலைக்கும், தாள் பழைய தாள் விலைக்கும் போவது ஒரே நாளில் நடந்துவிடும்.

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 1993-ன் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசுத் துறைகளை மட்டுமின்றி, அரசின் பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆவணங்களைப் பேணுவதற்கு ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். தக்க பரிசீலனையின்றி எதையும் அழிக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. 1972-ன் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள்களுக்குப் பொருந்துகிறது. கையெழுத்துச் சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகளே போதும். ஆனால் சிலைக்கும் ஓவியத்துக்கும் அளிக்கப்படும் கவனம், அச்சிட்ட சிறு தாளுக்கு இதுவரை கிட்டியதில்லை.

தனியார் சேகரிப்பாளர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் பொறுக்கி எடுக்காதிருந்தால் இவ்வளவும் மிஞ்சியிராது. தில்லியைச் சேர்ந்த விடுதித் தொழிலதிபர் பிரியா பால் சேர்த்த அச்சுப் படங்களும் சீட்டுகளும், "தஸ்வீர் கர்' அமைப்பின் முயற்சியால் எண்முறையில் பதிவாகி, ஆய்வாளர்களுக்குக் கிடைத்துள்ளன. ஆனால், சேகரிப்பாளர் விரும்புவது அரிய படத்தை. ஒரு மில்லின் ஓராண்டு வரவு செலவுப் பேரேட்டை யாரும் ஏலத்தில் எடுப்பதில்லை. படமும் பேரேடும் ஒரே இடத்தில் இருந்தால்தான், எந்தக் கடவுள் எத்தனை கெஜம் விற்றார் என்பதையும், அதை நெய்தவருக்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுத முடியும். இரண்டையும் சேர்த்து வைக்கும் வலிமை அரசுக்கே உண்டு.

கூலி பெறுபவர் சீட்டில் இடம்பெற முடியாது என்பதும் விதியல்ல. 2006-ல் மத்திய அரசு கைத்தறி முத்திரையை அறிமுகப்படுத்தியது. 1905 தீர்மானத்தின் நினைவாக ஆகஸ்ட் 7-ஐ தேசியக் கைத்தறி தினமாக 2015-ல் அறிவித்து, முதல் விழாவைச் சென்னையில் நடத்தியது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், 2010-களில் ஒருபடி மேலே சென்று, பட்டுச் சேலையுடன் அதை நெய்தவரின் பெயரும் புகைப்படமும் அச்சிட்ட அட்டையை இணைத்தது. தெய்வமும் அரசரும் ரயிலும் விமானமும் வந்துபோன அந்தச் சிறு இடத்தில், நெசவாளியின் முகம் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போது அந்த அட்டையையும் யாராவது எடுத்து வைக்க வேண்டும்.